கோட்டுக்கு வெளியே – 9: ஆரஞ்சுச் சுளையும் விசிலும்

சென்ற வாரம், 1967-ம் வருடத்து பாஸ்டன் மாரத்தானில் 261 என்ற எண்ணைக் குத்திக்கொண்டு ஓடிய கேத்ரின் ஸ்விட்சரைப் பார்த்தோம். ஓட்டத்தின் நடுவே ஓர் அதிகாரி பாய்ந்து வந்து அந்த எண்ணைப் பிடுங்கப் பார்த்தார். பெண்ணைத் தடுத்த கை அந்தக் கதையில் கண்ணுக்குத் தெரிந்தது. போட்டோவிலும் விழுந்தது.

இந்த வாரக் கதையிலும் அப்படி ஒரு கை வருகிறது. ஆனால் பாதி தூரம்தான் வருகிறது. மீதிப் பாதியில் யாரும் யாரையும் தடுக்கவில்லை. மைதானத்தின் கேட் திறந்தே கிடக்கிறது. மகள்கள் உள்ளே போய்விட்டார்கள். அம்மாக்கள் மட்டும் தண்ணீர் பாட்டிலும் தின்பண்டப் பையுமாக வேலிக்கு வெளியிலேயே நிற்கிறார்கள். ஏன்?

மூன்று அணி, ஒரு தலபுராணம்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் வில்லியம்ஸ்போர்ட் என்று ஓர் ஊர். 1938-ல் அங்கே கார்ல் ஸ்டோட்ஸ் என்பவர் தன் உறவுப் பையன்கள் இருவரோடு பந்து விளையாடிக்கொண்டிருந்தார். பந்தைத் துரத்திப் போனபோது லைலாக் செடியின் வெட்டிய கட்டையில் கால் இடறிக் காயம்பட்டது. வலியோடு உட்கார்ந்திருந்த நேரத்தில், ‘சின்னப் பையன்களுக்கென்று சின்ன மைதானம், சின்ன மட்டை, நிஜமான சீருடை, நிஜமான அம்பயர் வைத்து ஒரு பேஸ்பால் போட்டி நடத்தினால் என்ன?’ என்று தோன்றியது. லிட்டில் லீகின் தலபுராணம் இதுதான்.

ஊரில் கதவு கதவாகத் தட்டி ஆதரவாளர்களைப் பிடித்தார். மரக்கடை ஒன்று, பால் கம்பெனி ஒன்று, பிரெட்செல் என்கிற முறுக்கு மாதிரியான பண்டம் செய்கிற கம்பெனி ஒன்று. 1939 ஜூன் 6 அன்று முதல் ஆட்டம். மரக்கடை அணியான லண்டி லம்பர், பால் கம்பெனி அணியான லைகமிங் டெய்ரியை 23–8 என்று வென்றது. எட்டே ஆண்டுகளில், 1947-ல், தேசியப் போட்டி நடத்தும் அளவுக்கு அது வளர்ந்துவிட்டது. பின்னர் அந்தப் போட்டியே ‘லிட்டில் லீக் வேர்ல்டு சீரிஸ்’ ஆனது.

இதன் அமைப்பை ஒரு நிமிடம் கவனியுங்கள், மொத்தக் கதையும் அதில்தான் இருக்கிறது. ஊர் லீகுகளில் சம்பளத்துக்கு யாரும் வேலை செய்வதில்லை. பிள்ளைகளைப் பெற்றவர்கள்தான் தொண்டர்கள். அணியை நடத்துகிறவருக்கு ‘மேனேஜர்’ என்று பெயர். அவருக்குத் துணையாக இருப்பவர் ‘கோச்’. யார் பந்தெறிவது, யார் பெஞ்சில் உட்காருவது என்பதெல்லாம் மேனேஜர் கையில். அந்த இடத்துக்கு அப்பாக்கள் வந்தார்கள். அம்மாக்களின் பெயர்கள் மகளிர் துணைக் குழுவில் இருந்தன. மைதானத்து ஓரத்துத் தின்பண்டக் கடையை நடத்துவது, நிதி திரட்டுவது, மண்ணில் புரண்டுவந்த சீருடையைத் துவைப்பது அவர்கள் பாடு. கடையில் வருகிற காசில்தான் பந்தும் மட்டையும் வாங்கினார்கள் என்றாலும், கடையில் நிற்பவரை யாரும் ‘லீகை நடத்துகிறவர்’ என்று சொல்வதில்லை.

1964-ல் அமெரிக்க நாடாளுமன்றம் லிட்டில் லீகுக்குச் சாசனம் கொடுத்தது. விளையாட்டு அமைப்பு ஒன்றுக்கு அது பெரிய மரியாதை. இந்த அமைப்பு பையன்களிடம் எதை வளர்க்கும் என்று அதில் எழுதியிருந்தது: நல்ல குடிமைப் பண்பு, நேர்மையான ஆட்ட உணர்வு, ஆண்மை. கடைசிச் சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பத்து வருடத்தில் அதை அடிக்கப் போகிறார்கள்.

1950: ஒரே வருடத்தில் இரண்டு கதவு

சாசனத்துக்குப் பதினான்கு வருடம் பின்னால் போவோம். நியூயார்க் மாநிலத்தில் கார்னிங் என்ற ஊர். இங்கே இன்னொரு கேத்ரின்: கேத்ரின் ஜான்ஸ்டன். தம்பி லிட்டில் லீக் தேர்வுக்குப் போகிறான், தனக்கு இடமில்லை என்றதும் அவளுக்குப் பொறுக்கவில்லை. அம்மாவிடம் போய்ப் பின்னலை வெட்டிவிடச் சொன்னாள். அம்மா வெட்டிவிட்டார். தம்பியின் உடுப்பை மாட்டிக்கொண்டு தேர்வுக்குப் போனவள், பெயரை ‘டப்பி’ என்று எழுதினாள். ‘லிட்டில் லுலு’ காமிக்ஸில் வருகிற பையனின் பெயர் அது. அந்த டப்பியும் அவன் சிநேகிதர்களும் தங்கள் குடிசை வாசலில் ‘பெண்களுக்கு அனுமதி இல்லை’ என்று எழுதிவைத்திருப்பவர்கள். குறும்பு இருந்திருக்கிறது அந்தப் பெண்ணுக்கு.

தேர்வாகிவிட்டாள். கிங்ஸ் டெய்ரி அணி. சில நாளில் தானே போய்ப் பயிற்சியாளரிடம் உண்மையைச் சொன்னாள். நன்றாக ஆடுகிறாள், இருக்கட்டும் என்று அவர் வைத்துக்கொண்டார். சீசன் முழுக்க ஆடினாள். அடுத்த வருடம் லிட்டில் லீக் ஒரு விதி கொண்டுவந்தது: எந்தச் சூழ்நிலையிலும் பெண்களுக்கு இடமில்லை. அதற்கு ‘டப்பி விதி’ என்றே பெயர் விழுந்தது.

அதே 1950-ல், மிச்சிகன் மாநிலத்தின் கலமசூ ஊரில் இன்னொரு கதவு திறந்து மூடியது. உலகப் போரின்போது, 1943-ல், சூயிங்கம் முதலாளி பிலிப் ரிக்லி பெண்களுக்கென்று ஒரு தொழில்முறை பேஸ்பால் லீகை ஆரம்பித்திருந்தார். ஆடுகிறவர்கள் எல்லாரும் பெண்கள். அணியை நடத்துகிற மேனேஜர்கள் ஆண்கள், பெரும்பாலும் பழைய ஆட்டக்காரர்கள். ஒவ்வோர் அணியிலும் வயதில் மூத்த பெண் ஒருவருக்கு மட்டும் உத்தியோகம் உண்டு. ‘ஷாப்பரோன்’ என்று பெயர். ஆட்டக்காரிகளின் உடை, நடை, ராத்திரி எத்தனை மணிக்கு அறைக்குத் திரும்புகிறார்கள் என்று பார்ப்பது அவர் வேலை. மைதானத்தில் வளர்ந்த பெண்ணுக்கு என்ன இடம் என்று கேட்டால், அன்றைக்கு அதுதான் பதில்.

1950-ல் கலமசூ லாசிஸ் அணி, கனடாக்காரியான மேரி ‘பானி’ பேக்கர் என்ற கேட்சரை மேனேஜராகவும் ஆக்கியது. சீசன் முடிந்தது. இனிமேல் பெண்களை மேனேஜராக வைப்பதில்லை என்று லீக் நிர்வாகிகள் முடிவெடுத்தார்கள்.

கார்னிங்கில் ஆடவந்த சிறுமிக்கும், கலமசூவில் அணியை நடத்திய பெண்ணுக்கும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் கதவு சாத்தப்பட்டது. இவற்றில் சிறுமிக்குச் சாத்திய கதவு இருபத்து மூன்று வருடத்தில் உடைந்தது. அது எப்படி உடைந்தது என்று பார்த்தால்தான் மற்றது ஏன் உடையவில்லை என்று புரியும்.

ஹோபோக்கனின் மூன்று ஆட்டம்

நியூஜெர்சியின் ஹோபோக்கன், பேஸ்பால்காரர்களுக்குப் புண்ணிய பூமி. 1846-ல் அங்கே எலீசியன் ஃபீல்ட்ஸ் மைதானத்தில் நடந்த ஆட்டத்தை நவீன பேஸ்பாலின் தொடக்கமாகச் சொல்பவர்கள் உண்டு. 1972-ல் அதே ஊரில் பன்னிரண்டு வயது மரியா பெப்பே தெருவில் பையன்களோடு ஆடிக்கொண்டிருந்தாள். லிட்டில் லீக் அணிக்குப் பெயர் கொடுக்கப் பையன்கள் போனபோது, அவள் வாசலில் நின்றுவிட்டாள். பயிற்சியாளர் ஜிம்மி ஃபரினா பார்த்தார். ‘நீயும் ஆட வாயேன்’ என்று கூப்பிட்டார்.

மரியா மூன்று ஆட்டம் ஆடினாள். செய்தி வில்லியம்ஸ்போர்ட்டுக்குப் போனது. இந்தப் பெண்ணை நீக்காவிட்டால் ஹோபோக்கன் லீகின் அங்கீகாரமே போய்விடும் என்று அங்கிருந்து மிரட்டல் வந்தது. ஒரு பிள்ளைக்காக ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேரின் ஆட்டமும் நின்றுவிடும் என்ற நிலை. மரியா சீருடையைத் திருப்பிக் கொடுத்தாள். தேசிய மகளிர் அமைப்பான ‘நவ்’ அவள் சார்பில் புகார் கொடுத்தது.

மாநில சிவில் உரிமைத் துறையின் விசாரணை அதிகாரி சில்வியா பிரஸ்லர் முன்னால் வழக்கு வந்தது. லிட்டில் லீக் தரப்பில் சாட்சி சொன்னவர் அதன் நிர்வாகத் துணைத் தலைவர் கிரெய்டன் ஹேல். உடலியலில் டாக்டர் பட்டம் வாங்கியவர். பேட்ஸ்மேனின் இரண்டு காதையும் மூடுகிற ஹெல்மெட்டை உருவாக்கியவரும் அவரே. பெண் பிள்ளைகளின் எலும்பு பலவீனமானது, பந்து பட்டால் ஆபத்து என்றார். அந்த வயதில் பெண் பிள்ளைகளின் உடல் பையன்களுக்கு இளைத்ததல்ல என்று எலும்பியல் மருத்துவர் ஜோசப் டோர்க் மறுத்தார்.

1973 நவம்பரில் பிரஸ்லர் தீர்ப்பளித்தார். ஹாட் டாக், ஆப்பிள் பை மாதிரி லிட்டில் லீகும் அமெரிக்க வாழ்க்கையின் அங்கம். அதைப் பெண் பிள்ளைகளுக்கு இல்லையென்று சொல்ல நியாயமில்லை என்றார். 1974 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. நியூஜெர்சியில் பல ஊர் லீகுகள், பெண்ணைச் சேர்ப்பதைவிட இந்த வருடம் ஆட்டமே வேண்டாம் என்று சீசனை நிறுத்திப் பார்த்தன. வீம்பு ரொம்ப நாள் ஓடவில்லை. ஜூன் மாதம் லிட்டில் லீக் தன் தடையைக் கைவிட்டது. டிசம்பர் 26 அன்று அதிபர் ஜெரால்டு ஃபோர்டு கையெழுத்திட்ட சட்டத்தில், சாசனத்திலிருந்த ‘பையன்கள்’ என்பது ‘இளம் பிள்ளைகள்’ ஆனது. ‘ஆண்மை’ என்ற சொல்லை அடித்துவிட்டார்கள்.

மரியாவுக்கு அதற்குள் வயது கடந்துவிட்டது. அவள் திரும்ப லிட்டில் லீகில் ஆடவே இல்லை.

எழுதாத விதி

மகள்களின் கதை அதோடு வேகமெடுத்தது. 1984-ல் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் அணிக்காக விக்டோரியா ரோச் வேர்ல்டு சீரிஸில் ஆடிய முதல் சிறுமி ஆனாள். முப்பது வருடம் கழித்து, 2014-ல், மோனே டேவிஸ் எதிரணியை ஒரு ரன்கூட எடுக்கவிடாமல் பந்தெறிந்து ஜெயித்தாள். ‘ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்’ பத்திரிகையின் அட்டையில் அவள் படம் வந்தது.

அம்மாக்களின் கதை?

வேர்ல்டு சீரிஸில் முதல் பெண் அம்பயர் நின்றது 1989-ல்: பெட்டி ஸ்பெசியாலே. அணியை நடத்திய முதல் பெண் மேனேஜர் 1993-ல் வந்தார்: கனடாவின் வடக்கு வான்கூவரிலிருந்து வந்த அணியின் கேத்தி பார்னார்ட். பிள்ளைகளின் போட்டி ஒன்றில் அணித் தலைமைக்குப் பெண் வருவதற்கு, போட்டி தொடங்கி நாற்பத்தாறு ஆண்டு ஆயிற்று. மகள் உள்ளே போன பிறகும் அம்மாவுக்குப் பத்தொன்பது ஆண்டு.

மரியாவுக்கு எதிராக ஒரு விதி இருந்தது. அச்சில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு ஒரு விசாரணை அதிகாரியிடம் போக முடிந்தது. ஹேல் கூண்டில் ஏறி எலும்பைப் பற்றிச் சொல்ல வேண்டியிருந்தது. இன்னொரு மருத்துவர் அதை மறுக்க முடிந்தது. அம்மா மேனேஜராகக் கூடாது என்று 1974-க்குப் பிறகு எந்த விதிப் புத்தகத்தைக் காட்டி வழக்குப் போடுவது? யாரைக் கூண்டில் ஏற்றுவது?

சாக்கர் அம்மா

இதற்குள் பேஸ்பாலுக்குப் பக்கத்தில் கால்பந்து வளர்ந்துவிட்டது. 1964-ல் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் தொடங்கிய அமெரிக்க இளையோர் கால்பந்து அமைப்பின் கொள்கை, ‘எல்லாரும் ஆட வேண்டும்’. பெஞ்சில் யாரும் காய்வதில்லை. 1971-லேயே பெண் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டது, கோர்ட் படி ஏறாமலே. பேஸ்பாலின் பழைய பாரம் எதுவும் இல்லாத புது ஆட்டம். அம்மாக்களும் உள்ளே வந்திருப்பார்கள் என்றுதானே நினைப்போம்?

1996-ல் கிளின்டனும் டோலும் மோதிய அதிபர் தேர்தலில் ‘சாக்கர் மாம்’ என்ற சொல் பத்திரிகையெங்கும் புழங்கியது. புறநகரில் வசிக்கிற, வேனில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மைதானத்துக்கும் வீட்டுக்கும் அலைகிற வாக்காளர் என்று அர்த்தம். அமெரிக்க வழக்குமொழிக் கழகம், இந்தப் பொருளில் வரும் ‘மாம்’ என்பதையே அந்த வருடத்தின் சொல்லாகத் தேர்ந்தெடுத்தது. பெயரில் சாக்கர் இருக்கிறது. அவர் ஆடுவதில்லை, ஆட்டுவிப்பதும் இல்லை. வண்டி ஓட்டுகிறார்.

இதை உட்கார்ந்து எண்ணிப் பார்த்தவர் மைக்கேல் மெஸ்னர். தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பேராசிரியராக இருந்தவர். தன் மகன்களை விளையாடக் கூட்டிப்போன அப்பாவாகத்தான் அவரும் முதலில் மைதானத்துக்குப் போனார். அங்கே கண்டது அவரை விடவில்லை. லாஸ் ஏஞ்சலஸை ஒட்டிய ஓர் ஊரில் எட்டு ஆண்டுக் கணக்கை எடுத்தார். கால்பந்துத் தலைமைப் பயிற்சியாளர்களில் பெண்கள் 13.4 சதவீதம். பேஸ்பால், சாஃப்ட்பாலில் 5.9 சதவீதம். 2009-ல் சுசெல் போசாடா-டீஸுடன் சேர்ந்து இதை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்.

எண்ணிக்கையைவிட, அது எப்படி நடக்கிறது என்று அவர் காட்டியதுதான் முக்கியம். சீசனின் முதல் கூட்டம். மைதானத்து ஓரத்தில் பெற்றோர்கள் நிற்கிறார்கள். பயிற்சியாளர் ஏற்கெனவே முடிவாகிவிட்டார். அவர் ஒரு அப்பா. பேச்சு முடிகிற நேரத்தில் அவர் கேட்கிறார்: ‘சரி, டீம் மாம் யார்?’

லீகின் காகிதத்தில் அப்படி ஒரு பதவியே கிடையாது. அணி மேலாளர், அணிப் பெற்றோர் என்று பொதுப் பெயர்தான் அச்சாகியிருக்கும். ஆனால் வாயில் வருவது ‘டீம் மாம்’. கொஞ்ச நேரம் மௌனம். அப்பாக்கள் தரையைப் பார்க்கிறார்கள். கடைசியில் ஓர் அம்மா கையைத் தூக்குகிறார். அவ்வளவுதான். போன் பட்டியல், எந்த வாரம் யார் தின்பண்டம் கொண்டுவருவது என்ற அட்டவணை, இடைவேளைக்கு ஆரஞ்சுச் சுளை, சீசன் முடிவில் விருந்து, பயிற்சியாளருக்குப் பரிசு எல்லாம் அவர் தலையில். யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை, அவர் தாமாகத்தான் கையைத் தூக்கினார். ஆனால் கேள்வியிலேயே ‘மாம்’ இருந்ததால், அப்பாவின் கை தூக்கக்கூடியதாகவே இல்லை. கூட்டத்தில் எல்லாரும் தங்கள் விருப்பப்படிதான் நடந்துகொண்டார்கள். வருடா வருடம் விடை மட்டும் மாறவில்லை.

மறுபக்கம், பயிற்சியாளர் பதவிக்கு யாரும் கூட்டத்தில் கேட்பதில்லை. அது முன்னாலேயே போனில் நடந்துவிடுகிறது. ஓர் அப்பா தனக்குத் தெரிந்த இன்னோர் அப்பாவைக் கூப்பிடுகிறார். பள்ளியில் கொஞ்சம் ஆடியவர் என்றால் போதும், அவர் சம்மதித்துவிடுகிறார். அம்மா பயிற்சியாளராவது பெரும்பாலும் கடைசி நேரத்தில்தான்: வேறு ஆள் கிடைக்கவில்லை, அணி கலைந்துவிடும் என்கிற நிலையில். அப்படி வந்தவர்களும் சின்னக் குழந்தைகளின் அணியோடோ பெண் பிள்ளைகளின் அணியோடோ நின்றார்கள். பிள்ளைகள் பத்து வயதைத் தாண்டி ஆட்டம் சூடுபிடிக்கிறபோது, அந்தப் பெண்களில் பலர் காணாமல்போனார்கள்.

‘எனக்கு ஆட்டம் தெரியாதே’

மினசோட்டா பல்கலைக்கழகத்தின் நிக்கோல் லாவாய், நியூசிலாந்தின் சாரா லெபர்மன் ஆகிய இருவரும் வேலைக்கும் போய்க்கொண்டு பயிற்சியாளராகவும் இருக்கிற அம்மாக்களை உட்காரவைத்துப் பேசினார்கள். ஏன் வந்தீர்கள் என்று கேட்டதற்கு வந்த பதில்கள் எளிமையானவை. பிள்ளையோடு கூடுதல் நேரம் கிடைக்கிறது. வாழ்க்கைக்கு உதவுகிற நாலு விஷயத்தைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்க முடிகிறது. வேலை, வீடு, மைதானம் மூன்றையும் இழுத்துக்கொண்டு ஓடுவதுதான் பாடு என்றாலும், அவை ஒன்றுக்கொன்று எதிரி இல்லை என்றும் சொன்னார்கள்.

வராத அம்மாக்கள் சொல்கிற காரணமும் எளிமையானதுதான்: ‘எனக்கு ஆட்டம் தெரியாதே.’ இதைப் பொய் என்று தள்ளிவிட முடியாது. 1974-க்கு முன்னால் பன்னிரண்டு வயதைக் கடந்த பெண்களுக்கு ஆட்டத்தைக் கற்றுக்கொள்ள மைதானம் கிடைக்கவில்லை. அவர்கள்தான் அடுத்த தலைமுறையின் அம்மாக்கள். பழைய விதி செத்த பிறகும் இப்படித்தான் வேலை செய்துகொண்டிருந்தது. ஆனால் அப்பாக்களில் எத்தனை பேருக்கு ஆட்டம் தெரியும்? ஆறு வயதுப் பிள்ளைக்குப் பந்து பிடிக்கச் சொல்லித்தர என்ன தெரிந்திருக்க வேண்டும்? அழுகிற பிள்ளையைச் சமாதானப்படுத்தத் தெரிய வேண்டும். பதினைந்து பிள்ளைகளை ஒரு வரிசையில் நிறுத்தத் தெரிய வேண்டும். தோற்ற நாளில் என்ன பேசுவது, எப்போது பேசாமலிருப்பது என்று தெரிய வேண்டும். இதெல்லாம் தெரிந்தவர்களைத்தான் தின்பண்ட அட்டவணை போட வைத்திருந்தார்கள்.

ஜஸ்டின் சீகல் என்ற பெண் பதினாறு வயதில், தான் பேஸ்பால் பயிற்சியாளராகப் போவதாகத் தன் பயிற்சியாளரிடம் சொன்னார். ஒரு பெண் சொல்வதை மைதானத்தில் எந்த ஆணும் கேட்கமாட்டான் என்று அவர் சிரித்தார். 2015-ல் ஓக்லண்ட் ஏஸ் அணி ஜஸ்டினைப் பயிற்சியாளராக அமர்த்தியது. மேஜர் லீக் அணி ஒன்று அப்படிச் செய்தது அதுவே முதல் முறை. அதற்கு முன்பே அவர் ‘பேஸ்பால் ஃபார் ஆல்’ என்ற அமைப்பைத் தொடங்கி, சிறுமிகளின் அணிகளையும் அவற்றை நடத்தப் பெண்களையும் சேர்த்துக்கொண்டிருந்தார். ஆடுகிறவளையும் நடத்துகிறவளையும் ஒன்றாகவே தேட வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. கார்னிங்கையும் கலமசூவையும் இப்படியாவது ஒருவர் ஒரே படத்தில் பார்த்தாரே.

நடுவில் ஒரு தலைமுறை

கூப்பர்ஸ்டவுன் பேஸ்பால் அருங்காட்சியகத்தில் மரியா பெப்பேயின் கையுறையும் தொப்பியும் இருக்கின்றன. 2004-ல், தீர்ப்பு வந்து முப்பது வருடம் கழித்து, வேர்ல்டு சீரிஸில் சம்பிரதாயமாக முதல் பந்தை எறிய வில்லியம்ஸ்போர்ட் அவரை அழைத்தது. எலும்பைப் பற்றிச் சாட்சி சொன்ன கிரெய்டன் ஹேல் பின்னாளில் அவரைச் சந்தித்தார். அவர் சொன்னது: என் பேத்தி விளையாடுகிறாள்.

பெருந்தன்மையான சொல். தோற்ற வழக்கை ஒரு மனிதர் இதைவிட அழகாக ஒப்புக்கொள்ள முடியாது. இந்தக் கதையைச் சொல்கிற எல்லாரும் இந்த இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள்.

தாத்தா இருக்கிறார், பேத்தி இருக்கிறாள். அந்தத் தாத்தாக்களுக்கும் பேத்திகளுக்கும் நடுவில் வளர்ந்த பெண்கள்தான் ஊர் ஊராக ஆரஞ்சை நறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

சீசனின் முதல் கூட்டத்தில் ‘டீம் மாம் யார்?’ என்பதற்குப் பதில், ஓர் அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ‘இந்த வருடம் அணியை நீங்கள் நடத்துகிறீர்களா?’ என்று கேட்க எந்தச் சட்டமும் தேவையில்லை. ஜிம்மி ஃபரினா 1972-ல் வாசலில் நின்ற சிறுமியிடம் செய்ததும் அதைத்தான். பார்த்தார், கூப்பிட்டார். வழக்கெல்லாம் அதற்கப்புறம் வந்தது.

*(அடுத்த வாரம்: 1972-ல் அமெரிக்கக் கல்லூரிகளில் பெண்கள் அணிகளுக்குப் பயிற்சி கொடுத்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டோர் பெண்கள். அந்த வருடம் ஜூன் 23 அன்று பெண்களுக்குச் சமவாய்ப்புத் தரும் சட்டம் வந்தது. பணம் வந்தது, சம்பளம் வந்தது. நாற்பது வருடம் கழித்துப் பார்த்தால் பெண் பயிற்சியாளர்கள் பாதிக்கும் கீழே. நல்ல சட்டம் ஒன்று யாருக்கு வேலை கொடுத்தது என்ற கதை.)*

– தொடரும்